பிறையும் பச்சைக் கதிரும்: வேதாகம நாட்காட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்களின் பஸ்காவுக்கு ஒரு தேதி, ஈஸ்டருக்கு இன்னொரு தேதி. இரண்டுக்கும் நடுவில் "இஸ்ரவேலில் வாற்கோதுமை முற்றினால்தான் மாதமே தொடங்கும்" என்று மூன்றாவது தேதி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தைக் கவனமாகப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே இந்தக் குழப்பம் வந்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதிரையும் பிறையையும் பார்த்து நாள் குறிக்கும் வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான், அதைப்பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படும் சிலவற்றை மறுத்தும் எழுதியிருக்கிறேன்.

அச்சடித்த காலண்டர் இருக்கும்போது வானத்தையும் வயலையும் ஏன் பார்க்க வேண்டும்?

பிறையைக் கொண்டு எண்ணினால் 12 மாதத்துக்கு 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டுக்கு 365 நாள். வருடத்துக்கு 11 நாள் குறைகிறது. மூன்று வருடத்தில் ஒரு மாதத்துக்கும் மேலே பின்தங்கிவிடும். இஸ்லாமிய நாட்காட்டி இதைச் சரிசெய்வதில்லை. அதனால் ரமலான் மாதம் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் சுற்றி வருகிறது. உகாதி கொண்டாடும் தெலுங்கரும் கன்னடரும் இடையிடையே ஓர் அதிக மாசம் சேர்த்துச் சரிசெய்துகொள்கிறார்கள்.

மோசேயின் சட்டத்தில் பண்டிகை இப்படி நகர முடியாது. பஸ்காவை அடுத்து வரும் புளிப்பில்லாத அப்பப் பண்டிகை நாட்களில், புது விளைச்சலின் முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் புது தானியத்தில் அப்பமோ வறுத்த மணியோ பச்சைக் கதிரோ சாப்பிடக் கூடாது (லேவியராகமம் 23:10-14). ஆகவே முதல் மாதம் தொடங்கும்போது, இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் அறுக்கத் தக்க கதிர் வயலில் இருந்தாக வேண்டும். மாதம் எப்போது பிறக்கிறது என்பதைப் பிறை சொல்கிறது. அது எந்த மாதம் என்பதைக் கதிர் சொல்கிறது. மொத்த விஷயமும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது.

ஆபிப் என்பது மாதத்தின் பெயரா, பயிரின் பெயரா?

முதலில் பயிரின் பெயர், பிறகுதான் மாதத்தின் பெயர். எகிப்தில் கல்மழை பெய்ததைச் சொல்லும் யாத்திராகமம் 9:31, அப்போது வாற்கோதுமை "கதிர்விட்டும்" சணல் "தாள்விட்டும்" இருந்ததால் இரண்டும் அழிந்தன என்கிறது. தமிழில் "கதிர்விட்டு" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "ஆவீவ்". அதே சொல்தான் யாத்திராகமம் 13:4இலும் உபாகமம் 16:1இலும் "ஆபிப் மாதம்" என்று ஒலிபெயர்ந்து வருகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, மற்ற இடத்தில் பெயராக நின்றுவிட்டதால், தமிழில் படிக்கிறவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதே இல்லை. "கதிர் மாதத்தைக் கவனி" என்று உபாகமம் 16:1ஐப் படித்துப் பாருங்கள், அர்த்தம் சட்டென்று புரியும்.

நிசான், ஆதார் போன்ற பெயர்கள் பாபிலோனிலிருந்து வந்தவை. நெகேமியாவிலும் எஸ்தரிலும்தான் நிசான் என்ற பெயர் வருகிறது. சிறையிருப்புக்கு முந்தைய பெயர்களாக ஆபிப், சீப், ஏத்தானீம், பூல் என்று நான்குதான் வேதாகமத்தில் மிஞ்சியிருக்கின்றன.

வேதாகமத்துக்கு வெளியிலும் ஒரு சான்று உண்டு. 1908இல் இஸ்ரவேலின் பழைய நகரமான கேசேரின் மேட்டைத் தோண்டியபோது, உள்ளங்கை அளவு சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று கிடைத்தது. அது கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மாதங்களுக்கெல்லாம் வேலைதான் பெயர்: விதைப்பு, சணல் வெட்டு, வாற்கோதுமை அறுப்பு, திராட்சைக் கொடி கழித்தல் என்று போகிறது. சணலும் வாற்கோதுமையும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். கல்மழை அழித்ததும் அதே இரண்டைத்தான்.

கதிர் எந்த நிலையில் இருந்தால் "ஆபிப்" என்பார்கள்?

இதுதான் அதிகம் சண்டை நடக்கும் இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாற்கோதுமையும் நம் ஊர் நெல், கம்பு போலத்தான். கதிர் வெளிவந்து பூத்து முடிந்ததும் மணி பால் பிடிக்கும். அப்போது நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் தெறிக்கும். அப்புறம் பால் இறுகி மாவாகும். அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி நசுங்கும். பிறகு மணி கெட்டியாகி, கதிரும் தாளும் வெளுத்துக் காய்ந்து, கடித்தால் பல் தெறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அந்தக் கடைசி நிலை அறுவடைக்கு உரியது.

ஆபிப் என்பது இதற்கு நடுவில் உள்ள நிலை. லேவியராகமம் 2:14 ஒரு நல்ல துப்புத் தருகிறது: ஆபிப் கதிரை நெருப்பில் வாட்டிக் காணிக்கையாகக் கொண்டுவரச் சொல்கிறது. பச்சைக் கம்பங்கதிரை அனலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, ஊதித் தின்றவர்களுக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். பால் நிலையில் வாட்டினால் மணி சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். மாவு கட்டியபின் வாட்டினால் மணி நின்று, உண்ணத் தக்கதாக இருக்கும். இன்றும் வயலுக்குப் போய்ப் பார்க்கிறவர்கள் சந்தேகம் வந்தால் சில கதிர்களைப் பிடுங்கி வாட்டிப் பார்க்கிறார்கள்.

நிறமும் சொல்லும். கதிர் முழுப் பச்சையிலிருந்து மாறி, இடையிடையே மஞ்சள் கோடு ஓடத் தொடங்கியிருக்கும். பச்சையாக இருக்கும்வரை பயிர் வளையும். வெளுக்கத் தொடங்கினால் முறியும். கல்மழை வாற்கோதுமையை ஒடித்துப் போட்டதற்கும், பின்னால் விளையும் கோதுமை தப்பியதற்கும் காரணம் அதுதான்.

சண்டை எங்கே வருகிறது என்றால், சிலர் மாவு நிலையே போதும், இரண்டு மூன்று வாரத்தில் முற்றிவிடும் என்கிறார்கள். வேறு சிலர் மாதம் தொடங்கும்போதே முற்றிய கதிர் கண்ணில் பட வேண்டும் என்கிறார்கள். பஸ்கா வருவது 14ஆம் நாள், கதிர்க்கட்டு அதற்கும் பிறகு. முதல் நாளிலேயே முற்றியிருக்க வேண்டும் என்று கேட்பது சட்டம் கேட்பதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

எந்த வயலைப் பார்ப்பது? நாலு கதிர் முற்றியிருந்தால் போதுமா?

இஸ்ரவேல் சிறிய தேசம்தான், ஆனால் மேடுபள்ளம் அதிகம். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது; அங்கே குளிர்காலமே மிதமானது, பயிர் முந்திவிடும். வட நெகேவும் காசாவை ஒட்டிய சமவெளியும் அப்படியே. எருசலேம் மலைநாடு பிந்தும், கலிலேயா இன்னும் பிந்தும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை விழுந்ததும் விதைப்பு, பங்குனி, சித்திரையில் அறுப்பு என்று பொதுவாகச் சொல்லலாம். மழை முந்துவதும் பிந்துவதும் பயிரை வாரக்கணக்கில் தள்ளிவிடும்.

காட்டு வாற்கோதுமை சாலையோரமெல்லாம் தானாக முளைக்கும். அதன் கதிர் முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். அதனால் அதைப் பார்க்கிறவர்கள் உரிய நாளைத் தவறவிட்டால், அடுத்த முறை போகும்போது வெறும் காம்புதான் நிற்கும். பயிரிட்ட வாற்கோதுமை உதிராது, ஆனால் விதைத்த தேதியையும் பாய்ச்சிய தண்ணீரையும் பொறுத்தது. பாசனம் செய்த வயலைக் கணக்கில் எடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி.

நாலைந்து கதிர் போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். எந்த வருடத்திலும் வேலியோரத்தில் எங்காவது நாலு கதிர் முந்தியிருக்கும். சட்டம் சொல்வது தேசத்தின் அறுப்பை. ஓர் அரிவாள் வைக்கும் அளவுக்காவது ஒரே வயலில் பயிர் ஆகியிருக்க வேண்டும்.

"அமாவாசை" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே? அப்படியானால் பிறை எதற்கு?

1 சாமுவேல் 20இல் தாவீது "நாளைக்கு அமாவாசை" என்று சொல்வதாகத் தமிழில் படிக்கிறோம். சங்கீதம் 81இல் அதே எபிரெயச் சொல் "மாதப்பிறப்பு" என்று வருகிறது. அந்தச் சொல் "ஹோதெஷ்", "புதிது" என்ற வேரிலிருந்து வந்தது. பஞ்சாங்கத்தில் அமாவாசை என்றால் நிலவே தெரியாத நாள். ஹோதெஷ் என்பதைப் பழைய யூத வழக்கம் புரிந்துகொண்டது, மேற்கு வானில் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும் கீற்று என்றுதான். நாம் மூன்றாம் பிறை என்று கும்பிடுவதற்கு மிக நெருக்கம். அமாவாசைக்கு அடுத்த மாலையிலேயே தெரிந்தால் அன்றே மாதம் பிறந்துவிடும்.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "கீற்றைக் கண்ணால் பார்த்தபின் மாதத்தைத் தொடங்கு" என்று வேதாகமத்தில் எங்கும் ஒரு வசனம் கிடையாது. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சாட்சியும், பாபிலோனியர் பிறை பார்த்து மாதம் தொடங்கியதும், பிறகு வந்த நடைமுறையும் சேர்ந்துதான் அந்த முடிவுக்குக் கொண்டுவருகின்றன. வசனமே இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த வசனம் என்று கேளுங்கள்.

பிறை எவ்வளவு நேரத்தில் தெரியும்?

சூரியனும் நிலவும் ஒரே திசையில் நிற்கும் கணத்திலிருந்து சுமார் ஒரு நாள் ஆனால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 15 மணி நேரத்துக்குக் குறைந்த பிறையைத் தொலைநோக்கி இல்லாமல் பார்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எருசலேம் இருக்கும் அட்சரேகையில், இளவேனில் மாலைகளில் நிலவின் பாதை அடிவானத்துக்குச் செங்குத்தாக நிற்கும், அதனால் பிறை உயரமாகத் தெரியும். எக்காளப் பண்டிகை வரும் ஏழாம் மாதத்தில் பாதை சாய்ந்து படுத்துவிடும். நிலவு அடிவானத்தை ஒட்டியே நின்று சீக்கிரம் மறையும். சந்தேகங்கள் அதிகமும் அந்த மாதத்தில்தான் வருகின்றன.

எப்போதும் மேற்கைப் பாருங்கள், சூரியன் மறைந்து 20 நிமிடம் கழித்து. மெரினாவுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்று "தெரியவே இல்லை" என்றவர்கள் உண்டு. நமக்குக் கடல் கிழக்கே. அஸ்தோத், அஸ்கலோன் கரையில் நிற்கிறவருக்குக் கடல் மேற்கே இருக்கிறது, அதனால் அது அவர்களுக்கு நல்ல இடம்.

எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் எப்படி அறிவித்தார்கள்?

மிஷ்னாவின் ரோஷ் ஹஷானா பகுதி இதை விரிவாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிறை கண்ட சாட்சிகள் எருசலேமில் பேத் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் கூடுவார்கள். அவர்கள் ஆர்வமாக வர வேண்டும் என்பதற்காக அங்கே பெரிய விருந்து வைப்பார்கள். பிறை கண்டவர் ஓய்வுநாளிலும் பயணம் செய்யலாம், அனுமதி உண்டு. இரண்டிரண்டு பேராக அழைத்து, ஒவ்வொருவரையும் தனியாக விசாரிப்பார்கள்: நிலவு சூரியனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கே இருந்ததா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? எவ்வளவு அகலம்? இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் மன்றத் தலைவர் "பரிசுத்தமாயிற்று" என்பார். ஜனங்கள் எல்லாரும் "பரிசுத்தமாயிற்று, பரிசுத்தமாயிற்று" என்று திருப்பிச் சொல்வார்கள்.

ஆலயம் இடிந்தபின் யாப்னேயில் தலைவராக இருந்த ரபான் கமாலியேல், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலின் பேரன். அவருடைய மேல்வீட்டுச் சுவரில் பிறையின் உருவங்கள் வரைந்த பலகை இருந்தது. எழுத்தறியாத சாட்சிகளிடம் "இப்படியா, அப்படியா?" என்று காட்டிக் கேட்பாராம்.

அறிவிப்பு மலைக்கு மலை தீயாகப் போனது. ஒலிவ மலையில் தீப்பந்தத்தை ஆட்டினால் யோர்தான் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் சர்த்தபா மலையில் அதைப் பார்த்து ஏற்றுவார்கள், அங்கிருந்து ஹவ்ரான், அதற்கப்பால், பாபிலோனில் சிறையிருந்தவர்களின் ஊர் முழுவதும் ஒரே நெருப்பாகத் தெரியும்வரை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சமாரியர் பொய்த் தீ ஏற்றிக் குழப்பியதால், பிறகு ஆட்களை அனுப்பும் ஏற்பாடு வந்தது என்கிறது மிஷ்னா.

மேகம் மூடினால்?

30 நாள் நிறைந்தால் அடுத்த மாதம் தானே தொடங்கிவிடும். நிலவின் மாதம் 29 அல்லது 30 நாள், அதைத் தாண்டாது.

அப்படியானால் இன்றைய யூதக் காலண்டர் எப்படி வந்தது? அது தவறா?

சாட்சிகளை விசாரிக்கும் மன்றம் ரோம ஆட்சியில் நலிந்தது, ஜனங்களும் பல தேசங்களில் சிதறினார்கள். கி.பி. 359 அளவில் யூதத் தலைவர் இரண்டாம் ஹில்லேல் கணக்கிட்ட காலண்டரை வெளியிட்டார் என்பது மரபு. அதன் விதிகள் முழுமையாக உறுதிப்பட மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின. கி.பி. 921-922இல்கூடப் பாபிலோனின் சாதியா காவோனும் பாலஸ்தீனத்தின் பென் மேயிரும் தேதிக்காக மோதி, அந்த வருடம் யூதர்களே இரண்டு வெவ்வேறு நாட்களில் பஸ்கா கொண்டாடினார்கள்.

இந்தக் காலண்டரில் 19 ஆண்டுகளுக்கு 235 மாதம். அதாவது 7 ஆண்டுகளில் 13ஆம் மாதம் சேரும்: 3, 6, 8, 11, 14, 17, 19ஆம் ஆண்டுகள். ஏழாம் மாதத்தில் வரும் யூதப் புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளியில் விழுந்தால் தள்ளிப்போடும் விதியும் உண்டு. அதனால் பிறை கண்ணுக்குத் தெரிவதற்கும் காலண்டர் மாதத்துக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் வரும்.

சிதறிக் கிடந்த ஒரு ஜனத்தை ஒரே நாளில் பண்டிகை கொண்டாடவைத்த கணக்கு இது. அதைத் தவறு என்று தூக்கியெறிய என்னால் முடியாது. ஆனால் அதில் ஒரு சிறு கசிவு இருக்கிறது. அதன் சராசரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 6 நிமிடம் 40 நொடி நீளம். சுமார் 216 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்தும். ஹில்லேல் காலத்திலிருந்து இன்றுவரை ஏழு நாளுக்கு மேல் பிந்திவிட்டது.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது சுழற்சியின் 8ஆம் ஆண்டு. சம இரவு பகல் நாளுக்குப் பிறகு வந்த முதல் பௌர்ணமி மார்ச் 25. மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 31இல் வந்தது. யூதர்களின் பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலையில்தான், கிட்டத்தட்ட ஒரு மாதம் தள்ளி. 2005இலும் 2016இலும் இதேதான் நடந்தது. இதைப் போன்ற ஆண்டுகளில்தான் "வயலைப் போய்ப் பாருங்கள்" என்ற குரல் பலமாக எழுகிறது.

ஒரு நாள் வித்தியாசத்துக்கும் அதே ஆண்டு உதாரணம். 2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். அந்த மாலையே யூதக் காலண்டரில் நிசான் முதல் நாள் தொடங்கிவிட்டது. கிரகண நாளின் மாலையில் பிறை யார் கண்ணுக்கும் தெரியாது. மறுநாள் 9ஆம் தேதி மாலையில்தான் தெரியும். சவுதி அரேபியாவில் ரமலான் பெருநாள் 10ஆம் தேதி வந்ததும் அதனால்தான்.

கராயர் என்பவர்கள் யார்?

எழுதப்பட்ட வேதம் மட்டுமே போதும், ரபீக்களின் வாய்மொழிச் சட்டம் கட்டாயம் இல்லை என்று சொல்லும் யூதர்கள். 8ஆம் நூற்றாண்டில் பாக்தாத் பகுதியில் வாழ்ந்த அனான் பென் தாவீதோடு இந்த இயக்கத்தின் தொடக்கத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். கி.பி. 1000 வாக்கில் எழுதிய முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி, இவர்கள் பிறை பார்த்து மாதம் தொடங்குவதையும், வாற்கோதுமைப் பயிரைச் சோதித்து ஆண்டை முடிவு செய்வதையும் குறித்துவைத்திருக்கிறார். ஆபிப் கண்டதற்கான சாட்சிக் குறிப்புகள் கெய்ரோவின் பழைய ஜெபஆலயக் கிடங்கான கெனிசாவில் கிடைத்த தாள்களிலும் இருக்கின்றன.

பைசாந்தியத்திலும் கிரிமியாவிலும் வாழ்ந்த கராயருக்கு இஸ்ரவேலின் வயல் செய்தி நேரத்துக்கு வந்து சேரவில்லை. மெல்ல அவர்களும் 19 ஆண்டுச் சுழற்சிக்கு மாறினார்கள். நம் காலத்தில், கடந்த சில பத்தாண்டுகளாக, இஸ்ரவேலில் மறுபடி வயலுக்குப் போகும் வழக்கம் உயிர்பெற்றிருக்கிறது. கராயரைத் தவிர, பண்டிகைகளை ஆசரிக்கும் கிறிஸ்தவக் குழுக்களும் இப்போது போகின்றன.

வாற்கோதுமை மட்டும்தான் அடையாளமா?

ரபீக்களுக்கு அது மூன்றில் ஒன்று. ஆபிப், மரங்களின் பழம், சூரியனின் நிலை ஆகிய மூன்றில் இரண்டு பிந்தியிருந்தால் ஒரு மாதம் கூட்டலாம் என்பது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூதின் சன்எத்ரின் பகுதி சொல்லும் விதி. யூதேயா, யோர்தானுக்கு அக்கரை, கலிலேயா என்ற மூன்று பகுதிகளில் இரண்டையாவது பார்க்க வேண்டும். ரபான் கமாலியேல் ஆலய மலையின் படியில் உட்கார்ந்து எழுதச்சொன்ன ஒரு கடிதம் அங்கே இருக்கிறது: புறாக்குஞ்சுகள் இன்னும் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் மெலிந்திருக்கின்றன, கதிரின் காலமும் வரவில்லை; எனக்கும் என் தோழர்களுக்கும் நலமாகத் தோன்றியதால் இந்த வருடத்தோடு முப்பது நாள் கூட்டியிருக்கிறேன். பாபிலோனிலும் மேதியாவிலும் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் போனது. பலி கொடுக்க வேண்டிய குஞ்சும் குட்டியும்கூடக் காலண்டரில் இடம் பிடித்திருக்கின்றன!

சம இரவு பகல் நாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைத் தொடங்குகிறவர்களும் உண்டு. சாக்கடல் அருகே கிடைத்த கும்ரான் சுருள்களில் 364 நாள் கொண்ட இன்னொரு காலண்டர் இருக்கிறது, அதற்குப் பிறையும் வேண்டாம் கதிரும் வேண்டாம்.

என் நிலைப்பாடு இது: மாதத்துக்குப் பெயரே "கதிர்" என்று இருக்கும்போது கதிரை ஒதுக்க முடியாது. ஆனால் கதிர் ஒன்றே போதும், வேறு எதையும் பார்க்கக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. 13ஆம் மாதம் என்ற பேச்சே வேதாகமத்தில் கிடையாது. மாதம் கூட்டும் எந்த முறையும் நடைமுறையிலிருந்து ஊகித்ததுதான்.

கதிர்க்கட்டை அசைவாட்டும் நாள் எது?

"ஓய்வுநாளுக்கு மறுநாள்" என்கிறது லேவியராகமம் 23:11. எந்த ஓய்வுநாள்? பரிசேயர் பண்டிகையின் முதல் நாளையே ஓய்வுநாளாக எடுத்தார்கள். அதன்படி கதிர்க்கட்டு எப்போதும் 16ஆம் தேதி. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் 16 என்றே எழுதுகிறார். போயத்தியர் என்ற பிரிவினரும், சமாரியரும், பின்னால் கராயரும் வாரத்தின் சனிக்கிழமையை எடுத்தார்கள். அதன்படி கதிர்க்கட்டும், 50ஆம் நாளான பெந்தெகொஸ்தேயும் எப்போதும் ஞாயிறு.

மிஷ்னா இந்த வாதத்தின் சூட்டை அப்படியே காட்டுகிறது. அறுக்க வந்தவர் கூடியிருப்பவர்களிடம் கேட்பார்: "சூரியன் மறைந்ததா?" "ஆம்." "இது அரிவாளா?" "ஆம்." "இது கூடையா?" "ஆம்." "அறுக்கவா?" "அறு!" ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பார். போயத்தியர் சொல்வது தவறு என்று எல்லார் காதிலும் விழவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சத்தம்.

கிறிஸ்துவை "முதற்பலன்" என்று பவுல் 1 கொரிந்தியர் 15:20இல் எழுதும்போது, இந்தக் கதிர்க்கட்டுதான் பின்னணியில் இருக்கிறது. உயிர்த்தெழுதல் வாரத்தின் முதல் நாளில் நடந்ததால், பல கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு கணக்கு இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

"அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான்" என்பது எக்காளப் பண்டிகையைக் குறிக்கும் மரபுத்தொடராமே?

பலர் இதைப் பிரசங்கிக்கிறார்கள். முதல் நாளிலேயே வரும் ஒரே பண்டிகை அதுதான். பிறை தெரியும்வரை நாள் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சொற்றொடர் எக்காளப் பண்டிகையின் செல்லப்பெயராகப் பழைய யூத நூல்களில் வழங்கியதற்குச் சான்று கிடையாது. அழகான ஒப்புமை என்று சொல்லுங்கள், வரலாறு என்று சொல்ல வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருக்கும் நாங்கள் இங்கே தெரியும் பிறையை வைத்துக்கொள்ளலாமா?

கதிர் எப்படியும் இஸ்ரவேலின் கதிர்தான். ஊட்டியில் வாற்கோதுமை விளைந்தாலும் அது கணக்கில் வராது. பிறைக்கும் எருசலேமையே பெரும்பாலோர் எடுக்கிறார்கள். நமக்கு அங்கே இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பே பொழுது சாய்கிறது, அந்த அளவுக்கு நம் பிறை இளையது. இங்கே தெரியாத பிறை அதே நாள் அங்கே தெரிவது சகஜம். எருசலேமை வைத்தால் எல்லாரும் ஒரே நாளில் இருக்கலாம். இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாவீது சொன்ன "நாளைக்கு" எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்க முடியும் என்று அப்போது புரியும்.

முன்கூட்டியே லீவு போட, டிக்கெட் எடுக்க முடியாதே?

பிறையின் தேதி இன்று ஒரு நாள் முன்பின் தவிர எப்போதோ தெரியும். நிச்சயமில்லாதது கதிர் மட்டும். அதுவும் எல்லா வருடமும் இல்லை. பஸ்கா மார்ச் கடைசியா ஏப்ரல் கடைசியா என்ற கேள்வி சில வருடங்களில்தான் எழும். வயல் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதலிலோ, பழைய மாதம் முடியும் நாட்களில் போகிறார்கள். ஆபிப் கிடைத்தால் அடுத்த பிறையே முதல் மாதம். கிடைக்காவிட்டால் அந்த மாதம் 13ஆவது. 29 நாள் கழித்து மறுபடி போகிறார்கள். ஆகவே செய்தி வந்து இரண்டு வாரத்தில் பஸ்கா வந்துவிடும். இரண்டு தேதிக்கும் லீவு கேட்டு வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

தவறிவிட்டால்? எண்ணாகமம் 9, தூரப் பயணத்தில் இருந்தவனுக்கும் தீட்டுப்பட்டவனுக்கும் இரண்டாம் மாதம் 14ஆம் தேதியை இன்னொரு வாய்ப்பாகத் தருகிறது. எசேக்கியா ராஜா தேசத்துக்கே அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினார் (2 நாளாகமம் 30).

ஒரே வீட்டில் கணவர் ஒரு தேதியும் மனைவி ஒரு தேதியும் ஆசரித்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்கிறார்கள். தேதிக்காக ஐக்கியத்தையே உடைத்த குழுக்களையும் பார்த்துவிட்டேன்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் கெய்ரோவில் ரபீக்களின் வழியில் நடந்த யூதரும் கராயரும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுத்தார்கள். அந்தத் திருமண ஒப்பந்தங்கள் சில கெனிசாவில் கிடைத்திருக்கின்றன. சீதனத்தையும் பாத்திரபண்டத்தையும் எழுதியதைப் போலவே, காலண்டரையும் எழுதியிருக்கிறார்கள்: பிறை கண்டும் இஸ்ரவேல் தேசத்தில் ஆபிப் கண்டும் அவள் ஆசரிக்கும் பண்டிகைகளை மீறும்படி கணவன் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கணவனுடைய பண்டிகைகளை அவளும் அவமதிக்கக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னால் எழுதி, ஒரே வீட்டில் இரண்டு பஸ்காவோடு குடும்பம் நடத்தினார்கள்.